நேற்று வாருங்கள்

தூத்துக்குடி
8 மே 2025

சிந்து,

உன் போன் எண்ணை நான் தடுத்து வைத்திருக்கிறேன். தடையை எடுத்துவிடும் எண்ணமும் இல்லை. அதனால்தான் தபால். காகிதத்தில் கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று நினைவில்லை, இப்போதே விரல் வலிக்கிறது. ஆனால் கோபம் வலியைவிட அதிகமாக இருப்பதால் எழுதி முடித்துவிடுவேன்.

எங்கள் அலுவலகத்தில் சிவகுமார் என்று ஒருவர். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு டெல்லி பார்த்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய மனைவி பரிமாறிக்கொண்டே ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தாமரைக் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததில் உள்ளங்கால் வெந்தது, ரயில் மியூசியத்தில் குட்டி ரயிலில் போனது, இந்தியா கேட் புல்வெளியில் குல்பி சாப்பிட்டது. பிறகு, "எல்லாத்தையும் விட அந்தப் பேய் நடைதான் சார் ஜோரு" என்றார். மெஹ்ரௌலியில் பழைய படிக்கிணறு ஒன்று, சாயங்கால நேரம், தமிழிலேயே கதை சொல்லிக் கூட்டிப்போகிறார்கள், ஒரு பெண் நன்றாகப் பேசுகிறாள். அந்தப் பெண் நீதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

அதற்கு மேல் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அங்க ஒரு பேய் தமிழ்ல பேசுது சார். ஆனா பாவம், அதுக்கு நேத்துக்கும் நாளைக்கும் வித்தியாசம் தெரியல. 'நேத்து வாங்க'ங்குது. புள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு."

சிவகுமாருக்கு நான் மனைவியை இழந்தவன் என்று மட்டும் தெரியும். அவள் டெல்லியில் பிறந்தவள் என்றோ, ஹிந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்று ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் சாகும்வரை இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தாள் என்றோ தெரியாது. "நேத்து வரேன் அத்தே" என்று என் அம்மாவிடம் போனில் சொல்லி, "அப்ப வந்துட்டியா?" என்று அம்மா சிரித்தது உனக்கும் தெரியும். அது எங்கள் வீட்டுக்குள் இருந்த ஒன்று.

உன் அக்கா போன ஜூன் மாதம் அந்தக் கிணற்றுப் படியில்தான் வெயில் தாங்காமல் விழுந்தாள். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தான் குடிக்க மறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அந்த நடையை நீ மறுபடி ஆரம்பித்தபோதே வேண்டாம் என்றேன். நீ கேட்கவில்லை. நான் டெல்லியில் நாங்கள் இருந்த கிட்வாய் நகர் வீட்டைக் காலி செய்து மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவளையே பேயாக்கி டிக்கெட் போட்டு விற்கிறாய். அவள் அனுப்பிய குரல் செய்திகள் உன் போனில் நிறைய இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஸ்பீக்கரை எந்தப் பொந்தில் ஒளித்து வைத்திருக்கிறாய்?

உடனே நிறுத்து.

ரத்தினவேல்


முனிர்கா, புது டெல்லி
15 மே 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர், "மேடம்ஜி, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். படித்து முடித்தபோது அவர் ஒன்றும் தப்பாகக் கேட்டுவிடவில்லை என்று தோன்றியது.

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் அதற்கும் கோபம் வரும்.

முதலில் ஸ்பீக்கர் விஷயம். அக்காவின் குரல் செய்திகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் இதுவரை திறக்கவில்லை. திறக்கத் தைரியம் இல்லாதவள் அதை ஊருக்கே போட்டுக் காட்டுவேனா? நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் இதை நம்பித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது என் பேய். நான் சொல்லும் கதையில் ஒரு இளவரசி வருவாள். மாமனார் அவள் நாக்கை அறுத்துவிடுவார், அவள் கிணற்றில் குதித்துவிடுவாள். சுத்தப் புளுகு. அக்காவும் நானும் சரோஜினி நகர் மார்க்கெட்டில் சமோசா தின்றுகொண்டு ஜோடித்தது. "டெல்லி இளவரசி தமிழ் பேசினா எவன் நம்புவான்? ஊமையா வச்சிடு" என்றது அக்காதான். ஆக, என் பேய் வாயே திறக்காது அத்தான். பேசுவது நான் வைத்த பேய் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தது. சேலத்திலிருந்து ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். எல்லோரும் மேலே ஏறிய பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து, "கீழ நிக்கிற உங்க ஆளு ரொம்ப அக்கறையா இருக்காங்க. தண்ணி குடிச்சீங்களானு கேட்டாங்க. நேத்து சீக்கிரம் வாங்கனு சொன்னாங்க, அதுதான் புரியல" என்றார். கீழே என் ஆள் யாரும் இல்லை. என்னோடு உதவிக்கு வருவது செல்வி அக்கா மட்டும்தான். அவளும் மேலே மரத்தடியில் எலுமிச்சைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஏதோ கேட்டிருப்பார், நமக்கேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஈரோட்டுக்காரர் ஒருவர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவர் தொப்பி போடாமல் இறங்கினார் என்று திட்டு வாங்கியிருக்கிறார். பிறகு உங்கள் சிவகுமார் குடும்பம். இளவரசி கதையை நான் நிறுத்தியே விட்டேன். கிணற்றின் வரலாறு மட்டும் சொல்கிறேன், அதுவும் மேலே நின்று. ஆனாலும் கீழே இறங்கி ஏறுபவர்களில் யாராவது ஒருவர் வந்து கேட்கிறார்: யார் அந்தப் பெண்?

நிறுத்து என்கிறீர்கள். இது அக்கா தொடங்கிய நடை, பேய் நடை என்று பெயர் வைத்ததும் அவள்தான். காலையில் சுந்தர் நர்சரி, வெயில் ஏறுவதற்குள் லோதி தோட்டம், மதியம் ஏதாவது ஏசி மியூசியம், சாயங்காலம் மெஹ்ரௌலி என்று ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கோடையை மணி மணியாகப் பிரித்துக் கொடுத்தவள் அவள். நான் நிறுத்தினால் அவள் அங்கே யாரிடம் பேசுவாள்?

ஒருமுறை வாருங்கள் அத்தான். வந்து கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சிந்து


தூத்துக்குடி
24 மே 2025

சிந்து,

உன் கடிதத்தைப் படித்ததும், நம்பவில்லை என்று ஒரே வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியை மூன்று நாளாக எழுத முடியவில்லை.

சிவகுமார் வீட்டுக்கு மறுபடி போனேன். டெல்லிக்கு யாரோ கிளம்புகிறார்கள், விவரம் வேண்டும் என்று பொய் சொன்னேன். அவருடைய மனைவியிடம் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் தொண்டை கட்டுன மாதிரி இருந்துச்சு சார். கோவப்படுற மாதிரி பேசுச்சு, ஆனா கோவம் இல்ல. பேச்சுக்குப் பேச்சு அச்சா அச்சாங்குது" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். காபி போட்டுவிட்டார்களாம், அதைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன் என்று சிவகுமார் மறுநாள் குறைப்பட்டுக்கொண்டார்.

நீ பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்பீக்கர் என்று எழுதியது தப்பு.

ஆனால் நான் வர மாட்டேன். நம்பிக்கை இல்லாததால் என்று நினைக்காதே. பத்து மாதமாக இந்த ஊரில் ஒரு மாதிரி பழகி வைத்திருக்கிறேன். காலையில் உப்புக்காற்று, அலுவலகம், ராத்திரி சாப்பாட்டுக்கு மெஸ். அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு வாரத்தைக் கடத்த முடிகிறது. அங்கே வந்து, அவள் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல "வேலு" என்று கூப்பிட்டுவிட்டால் நான் அந்தப் படியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். என்னை யாராலும் எழுப்பிக் கூட்டிவரவும் முடியாது. அந்தப் பயம்தான். இதை உன்னிடம் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் என்ன சொல்கிறாள் என்று நீ எழுதவே இல்லையே?

ரத்தினவேல்


முனிர்கா, புது டெல்லி
6 ஜூன் 2025

அத்தானுக்கு,

அந்தக் கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரு முனகல், ஒரு செருமல், எதுவும் இல்லை. ஈரோட்டு ஏஜெண்டுக்குத் தொப்பிக்காகத் திட்டு கிடைக்கிறது. சேலம் டீச்சருக்கு அக்கறை கிடைக்கிறது. ஒரே பாயில் படுத்து, ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்த எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

நேற்று முன்தினம் மதியம் தனியாகப் போனேன். உச்சி வெயில். அந்த நேரத்தில் போகக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்பவள் நான்தான். லூ என்கிற அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, அடுப்பு வாயைத் திறந்து வைத்த மாதிரி. கீழ்ப்படி வரை இறங்கி உட்கார்ந்தேன். தமிழில் கூப்பிட்டேன். பிறகு ஹிந்தியில் கூப்பிட்டேன், நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதெல்லாம் ஹிந்தியில்தானே. "அக்கா, நான் தொப்பி போடல பாரு. தண்ணி குடிக்கல பாரு. திட்டேன்" என்று கத்தினேன். ஒரு புறா பறந்துபோனது. காவலாளி மேலிருந்து எட்டிப் பார்த்து, "மேடம், தபியத் டீக் ஹே?" என்று உடம்பை விசாரித்தார். அழுதுகொண்டே ஏறி வந்தேன்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது அத்தான். செத்துப்போன அக்காவிடம் பேசக் கிடைத்தவர்களைப் பார்த்துப் பொறாமை. இப்படி ஒரு பொறாமை உலகத்தில் உண்டா?

செல்வி அக்காவிடம், "உனக்கு எப்போதாவது கேட்டிருக்கிறதா?" என்றேன். "எனக்கும் கேட்டதில்ல சிந்து. எத்தன வாட்டி எறங்கி ஏறியிருப்பேன்" என்றாள். இனி அவள் நடைக்கு வர மாட்டாள். ஜங்புராவில் அவள் இருந்த தமிழர் குடிசைப் பகுதியை, மதராசி கேம்ப்பை, இடித்துவிட்டார்கள். அவளுக்கு டெல்லியின் வடக்குக் கோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கிருந்து மெஹ்ரௌலிக்கு வந்து திரும்பினால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். எலுமிச்சைத் தண்ணீர்க் கேனை என்னிடம் கொடுத்துவிட்டு, "உங்கக்கா குரல் கேட்டா நான் விசாரிச்சதா சொல்லு" என்றாள். சரி என்றேன். என்ன சரி?

காவலாளிக்கும் கேட்டதில்லை. அவர் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த இந்த ஊர்த் தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கும் கேட்கவில்லை. இதில் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வந்து கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள் என்று எழுதியிருந்தேன் இல்லையா? அது பாதி உண்மை. அவள் உங்களிடம் பேசினால், நான் இருக்கிறேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்காகத்தான். பயமாக இருந்தால் படியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். ப்ளீஸ் அத்தான்.

சிந்து


ரயிலில், நாக்பூர் தாண்டி
25 ஜூன் 2025

அன்புள்ள சிந்து,

எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள். நான் டெல்லிக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் வந்ததற்குக் கோபப்படுவாய். சொல்லிவிட்டு வந்திருந்தால் நீ ஸ்டேஷனுக்கு வருவாய், அழுவாய், நானும் அழுவேன், கடைசியில் படிக்கிணறு வரை போகாமலே திரும்பியிருப்பேன். இராஜமாணிக்கம், கோவில்பட்டி என்று உன் நடைக்குப் பதிவு செய்தவன் நான்தான். முகத்தைத் துண்டால் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். அந்த அனல்காற்றில் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். தாடி வேறு. நீ எனக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து, "உப்பா, சக்கரையா சார்?" என்று கேட்டாய். உப்பு என்று சைகை காட்டினேன். இளைத்திருக்கிறாய்.

நீ நன்றாகச் சொல்கிறாய், சிந்து. கிணற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் பெண்கள் வெயிலுக்கு இங்கே வந்து உட்கார்ந்து பேசுவார்கள் என்று சொன்னாயே, அந்த இடத்தில் உன் குரல் உடைந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை.

எல்லோரும் இறங்கி, போட்டோ எடுத்து, ஏறினார்கள். நான் கடைசி. வெளிச்சம் இன்னும் இருந்தது, வளைவுகளுக்குள் மட்டும் இருட்டு. கீழ்ப்படியில் நின்று துண்டை அவிழ்த்தேன். முகம் தெரியட்டும் என்று.

குரல் வந்தது. பக்கத்திலிருந்துதான் வந்தது. தொண்டை கட்டிய, கோபம் மாதிரியான, அவள் குரல்.

"சார், தண்ணி குடிச்சீங்களா?"

கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினேன்.

"தொப்பி இல்லாம ஏன் சார் எறங்குனீங்க? அச்சா, பரவால்ல. ஜல்தி மேல போங்க, உங்க க்ரூப் போயிட்டிருக்கு. நேத்து சீக்கிரம் வாங்க, வெயில் வரதுக்குள்ள சுந்தர் நர்சரி பாத்துடலாம்."

"அபூர்வா, நான்தான். வேலு" என்றேன்.

நான் காத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைக் கூப்பிடப் போகிறாள், நான் இங்கேயே உட்கார்ந்துவிடப் போகிறேன் என்று. அப்படி உட்கார்ந்துவிடவே ஆசைப்பட்டேன், இப்போது சொல்வதற்கென்ன.

"எந்த ஊரு சார் நீங்க?" என்றாள்.

மரியாதையாகத்தான் கேட்டாள், சிந்து. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதரிடம் கேட்பதுபோல.

"தூத்துக்குடி" என்றேன்.

"அச்சா! அவ்ளோ தூரத்துலேர்ந்தா! பாத்து ஏறுங்க சார், மேல்படி வழுக்கும்."

உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், செல்வியைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். யாரிடம் சொல்வது? என்னை யாரென்றே தெரியாதவளிடம் உன்னை என்னவென்று சொல்வேன்? பார்த்து ஏறினேன். மேலே நீ எங்களை எண்ணிக்கொண்டிருந்தாய். உன் முன்னால் நின்று உன்னைக் கூப்பிட வாய் வரவில்லை. வாசலில் ஆட்டோ பிடித்துவிட்டேன்.

அவள் என்னைப் பிடித்து வைத்துக்கொள்வாள் என்று ஒரு மாதமாகப் பயந்தேன். எத்தனையோ வருஷம் என் பக்கத்தில் தூங்கியவள் எனக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டாள். எதிர் பெர்த்தில் ஒரு குடும்பம் புளியோதரை சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறது. பொட்டலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, இப்போது என்னால் பேச முடியாது. எழுது.

அத்தான்


முனிர்கா, புது டெல்லி
9 ஜூலை 2025

அன்புள்ள அத்தான்,

நீங்கள் சொன்னபடி கூப்பிடவில்லை. எழுதுகிறேன்.

இராஜமாணிக்கம் சார் பணத்தைக் கட்டிவிட்டுக் கடைசியில் டாட்டாகூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்று அன்றைக்கு நான் திட்டினேன். உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் வெளியே போகவில்லை. உங்களுக்காக அழுதேன், என்னை ஒரு வார்த்தை கூப்பிடாமல் போனதற்காக உங்களைத் திட்டினேன், மறுபடி அழுதேன்.

அப்புறம்தான் அந்தக் கணக்குப் புரிந்தது. சேலம், ஈரோடு, தூத்துக்குடி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் கேட்கிறது. காவலாளிக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கும் கேட்காது. எனக்குக் கேட்காது. இருந்த வீட்டை இடித்து நரேலாவுக்கு அனுப்பிய பிறகும் செல்வி அக்காவுக்குக் கேட்கவில்லை, அபூர்வாவுக்கு அவள் டெல்லிக்காரிதான். அக்கா பேயாக அலையவில்லை, அத்தான். அவள் இன்னும் அந்த நடையை நடத்திக்கொண்டிருக்கிறாள். வந்திருக்கும் விருந்தாளிகள் யாரும் வெயிலில் விழுந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு அந்த ஒரு சாயங்காலம் இன்னும் முடியவில்லை.

உங்களை அவள் மறக்கவில்லை. நீங்கள் விருந்தாளியாகிவிட்டீர்கள், அவ்வளவுதான். எந்த ஊர் என்று கேட்டபோது கிட்வாய் நகர் என்று சொல்லியிருக்கலாமே, அத்தான்? இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மழை வந்துவிட்டது. சீசன் முடிந்தது. மாம்பழத் திருவிழாவுக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போக வேறொரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அபூர்வா என்ற பெயர் தெரியாத பெண், நல்ல பெண். முனிர்கா அறையை மாதக் கடைசியில் காலி செய்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்த ஊரை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. பெட்டி கட்டக்கூடத் தெரியவில்லை, குளிர்காலக் கம்பளியை எல்லாம் என்ன செய்வது என்று விழிக்கிறேன். திரும்பி வரும் டிக்கெட் போடவில்லை.

இந்தச் சாலை, இந்தப் பஸ் நம்பர், சரோஜினி நகர் கடைக்காரனிடம் பேரம் பேசும் ஹிந்தி, எல்லாம் எனக்கு மறக்க வேண்டும். ஆட்டோக்காரன் என்னை ஏமாற்ற வேண்டும். அப்புறம் ஒரு மே மாதம் ஊரிலிருந்து வந்த பெண்ணாக, தொப்பி இல்லாமல் அந்தப் படியில் இறங்குவேன். தண்ணி குடிச்சியா என்று அவள் கேட்பாள். என்னை யாரென்று தெரியாமல் கேட்டாலும் போதும். "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இந்த ஊருக்கு ஒருத்தர் வெளியூர்க்காரராக மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும், அத்தான்? எனக்குத் தெரிந்தவர்களில் அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சிந்து